இரண்டு நீலச் சட்டைகள்

எங்கள் வீட்டு அடித்தளத்தில், வாஷிங் மெஷினுக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். இந்த வாரம் அதில் இரண்டு சட்டைகள் காய்கின்றன. ஒன்று கருநீலம், நெஞ்சில் மஞ்சளில் பெரிதாக ஒரு 'எம்'. சனிக்கிழமைக்கு உரியது, மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் சட்டை. மற்றது வெளிர்நீலம், ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணியின் சட்டை.

ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியின் சட்டையைத் துவைக்கக் கூடாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, இந்த ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. தோற்றால்தான் சோப்பு. அந்தக் கணக்கில் வெளிர்நீலம் 2023 சீசனில் ஆறு முறை துவைத்தாகிவிட்டது. கருநீலத்தை 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி போட்டேன், ஜனவரி 8 வரை ஒருமுறைகூடத் தண்ணீர் படவில்லை. மனைவி அதை வீட்டுக்குள் விடவில்லை, கராஜில் ஆணியில் தொங்கியது. செப்டம்பரில் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் அம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருநாள் சொன்னாள்: "ஏல, நாத்தம் புடிச்ச சட்டைதான் ஜெயிக்கும்னா அப்படி ஒரு ஜெயிப்பு எதுக்குல?"

அவள் சட்டையைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு அது வேறு இடத்தில் போய்த் தைத்தது.

அமெரிக்கக் கால்பந்து என்பதே தப்பான பெயர். அம்மா முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். "காலுப்பந்துங்க, கையில வச்சுக்கிட்டுல்லா ஓடுதான்?" பந்தும் உருண்டையாக இருக்காது, இரண்டு முனையும் கூர்ந்து நெற்றுத் தேங்காய் மாதிரி இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். மைதானத்தின் நீளம் 100 யார்டு. யார்டு என்றால் பயப்பட வேண்டாம், நம் பாட்டிகள் புடவை அளந்த அதே கஜம்தான். பந்து கையில் இருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இப்படியே நகர்ந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி. பின்னால் நின்று பந்தை வாங்கி, யாருக்கு எறிவது, யார் கையில் கொடுத்து ஓடவிடுவது என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். மற்றவர்கள் எல்லாம் அவரைக் காப்பாற்றவோ கவிழ்க்கவோ பிறந்தவர்கள்.

இந்த ஆட்டத்தின் உயிர் நாலாவது வாய்ப்பில் இருக்கிறது. மூன்று முறை முயன்றும் பத்து கஜம் தேறவில்லை என்றால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் பந்தை உதைத்து எதிரணிப் பக்கம் தூரமாகத் தள்ளிவிடுவார்கள். கம்பம் எட்டுகிற தூரமாக இருந்தால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி வாங்கிக்கொள்வார்கள். அதற்கு ஃபீல்டு கோல் என்று பெயர். துணிந்தவர் மட்டும் நாலாவதையும் ஆடிப்பார்ப்பார். தேறாவிட்டால் அதே இடத்தில் பந்து எதிரிக்கு. அந்த சீசனில் என் இரண்டு அணிகளின் விதியையும் நாலாவது வாய்ப்பே எழுதியது. ஒன்றைத் தூக்கிவிட்டது, இன்னொன்றைக் கவிழ்த்தது.

சனிக்கிழமையை முதலில் பார்ப்போம். கல்லூரி ஆட்டம் என்றதும் நம் ஊரில் மாவட்ட அளவில் ஆடுகிற மாணவர் போட்டி ஞாபகத்துக்கு வரும். இங்கே கதை வேறு. ஆன் ஆர்பர் ஊரின் மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவு, அங்கே உள்ள மிச்சிகன் அரங்கத்தில் 1,07,601 இருக்கைகள். 1927-இல் கட்டியது. பெரும்பகுதியைத் தரைக்குக் கீழே தோண்டி அமைத்திருப்பதால் வெளியே நின்று பார்த்தால் 'இதுவா அவ்வளவு பெரிய அரங்கம்' என்று தோன்றும், உள்ளே நுழைந்ததும் காலடியில் கிண்ணம் மாதிரி விரியும். ஆட்டநாளில் வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியையே கார் நிறுத்த வாடகைக்கு விடுவார்கள். காலை எட்டு மணிக்கே காரின் டிக்கியைத் திறந்துவைத்து அடுப்பு மூட்டிவிடுவார்கள். நாங்கள் புளியோதரை கொண்டுபோவோம். பக்கத்துக் கார்க்காரர் மூன்று வருடமாக என் புளியோதரைக்காகவே எங்கள் பக்கத்தில் இடம் பிடிக்கிறார், தன் கோழிக்கறியைப் பண்டமாற்றாகத் தருகிறார்.

இப்படிப்பட்ட ஊரில் 2023 சீசனில் என்ன நடந்தது தெரியுமா? 15 ஆட்டம், 15 வெற்றி, தேசிய சாம்பியன் பட்டம். 1997-க்குப் பிறகு முதல்முறை. நவம்பர் 18-ஆம் தேதி மேரிலாண்டை ஜெயித்தபோது அது மிச்சிகனின் ஆயிரமாவது வெற்றி. கல்லூரிக் கால்பந்தில் அதுவரை வேறு எந்த அணியும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. அடுத்த சனிக்கிழமை பரம வைரியான ஒஹாயோ ஸ்டேட்டை 30-24 என்று முடித்தோம். புத்தாண்டு தினத்தில் ரோஸ் பவுல் அரையிறுதியில் அலபாமா. ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தில் நாங்கள் 27-20 என்று முன்னிலை. அலபாமாவுக்குக் கடைசிக் கோட்டுக்கு மூன்று கஜம், நாலாவது வாய்ப்பு. அவர்களுடைய குவாட்டர்பேக் ஜாலன் மில்ரோ பந்தோடு நேராக நடுவே பாய்ந்தார். எங்கள் ஆட்கள் சுவர் மாதிரி விழுந்து மடக்கினார்கள். ஒரு வாரம் கழித்து ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று வென்றோம். பிளேக் கோரம் என்ற ஓட்டக்காரர் மட்டும் 134 கஜம் ஓடினார்.

குதித்தேனா? குதித்தேன். ஆனால் அந்தக் குதிப்பில் ஒரு கல் கிடந்தது.

அக்டோபரில் வெடித்த விவகாரம் அது. தொழில்முறை ஆட்டத்தில் குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன ரேடியோ இருக்கும், பயிற்சியாளர் காதோடு பேசுவார். கல்லூரி ஆட்டத்தில் 2024 வரை அது கிடையாது. அதனால் ஓரத்தில் நின்று கையை ஆட்டியும் விதவிதமான படம் போட்ட அட்டைகளைத் தூக்கியும் அடுத்து என்ன ஆடுவது என்று சைகை காட்டுவார்கள். எதிரணியின் சைகையை ஆட்டத்தின்போது பார்த்து ஊகிப்பது தப்பில்லை. ஆனால் அடுத்து மோதப்போகிற அணி வேறெங்கோ ஆடும்போது அங்கே ஆள் அனுப்பி வேவு பார்ப்பது 1994 முதல் தடைசெய்யப்பட்டது. மிச்சிகன் ஊழியர் ஒருவர் ஊர் ஊராக டிக்கெட் வாங்கி, ஆட்களை உட்காரவைத்துச் சைகைகளைப் படமெடுக்கச் செய்தார் என்று குற்றச்சாட்டு. அவர் ராஜினாமா செய்தார். தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தனக்கு எதுவும் தெரியாது என்றார். லீக் அவரைக் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு விலக்கிவைத்தது. ஏற்கெனவே வேறொரு விவகாரத்துக்காக முதல் மூன்று ஆட்டங்களிலும் அவர் ஓரத்தில் நிற்கவில்லை. ஆக, வழக்கமான 12 ஆட்டங்களில் பாதிக்குத் தலைவரே இல்லை.

அவர் இடத்தில் நின்ற உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர், பென் ஸ்டேட் ஆட்டத்தில் 32 முறை தொடர்ந்து பந்தை எறியவே இல்லை. ஓட்டம், ஓட்டம், மறுபடி ஓட்டம். 'நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று உனக்கே தெரியும், முடிந்தால் நிறுத்திப் பார்' என்று சவால் விட்ட மாதிரி. நிறுத்த முடியவில்லை. 24-15. ஆட்டம் முடிந்ததும் டிவி மைக்குக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதார் மனிதர். சைகை திருடாமலும் இவர்களால் ஜெயிக்க முடியும் என்பதற்கு எனக்கு அந்த 32 ஓட்டம்தான் சாட்சி. அப்படியானால் திருடுவானேன்? விசாரணை அப்போது முடிந்திருக்கவில்லை. ஹார்பாவோ கோப்பையைத் தூக்கிய பதினாறாம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அன்று என் கோரிக்கை ஒன்றுதான்: 'கல்லூரிப் பையன்களின் தலைக்கவசத்திலும் அந்த ரேடியோவை வைத்துத் தொலையுங்கள்.' கோடி கோடியாகப் புரளும் ஆட்டத்தில் அதற்கா காசில்லாமல் போனது?

காசு என்றதும் இன்னொன்று. 2021 ஜூலை வரை இந்த மாணவர்கள் தங்கள் பெயரையோ முகத்தையோ வைத்து விளம்பரத்தில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள், பயிற்சியாளருக்குக் கோடிகளில் சம்பளம், ஓடி விழுந்து எலும்பை முறித்துக்கொள்கிறவனுக்குப் படிப்புச் செலவு மட்டும். இப்போது அந்த விதி போய்விட்டது, நல்லது. ஆனால் டிவிப் பணம் பூகோளத்தையே மாற்றி எழுதுகிறது. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 சீசன் முதல் 'அட்லாண்டிக் கரை' லீக்கில் ஆடுகிறது. எங்கள் லீக்கின் பெயர் 'பெரிய பத்து', 2024 முதல் அதில் 18 அணிகள். எண்ணத் தெரியாதவர்களா பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள் என்று அம்மா கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு இழைத்த அநீதியையும் சொல்லாமல் விட மாட்டேன். அவர்களும் எங்களைப் போலவே தோற்காத அணி, 13-0, லீக் சாம்பியன். நவம்பரில் அவர்களுடைய குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்தது. அதற்குப் பிறகும் ஜெயித்தார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி கமிட்டி கூடி, அரையிறுதிக்கு நாலு அணிகளைத் தேர்ந்தெடுத்தபோது, ஒரு தோல்வி கண்ட டெக்சஸையும் அலபாமாவையும் எடுத்துக்கொண்டு, 'குவாட்டர்பேக் இல்லாத நீங்கள் இனி ஜெயிக்க மாட்டீர்கள்' என்ற பாணியில் இவர்களைத் தள்ளிவிட்டது. ஜெயிக்க மாட்டார்கள் என்று ஊகித்து வெளியேற்றுவதானால் எதற்கு மைதானம்? மேசையிலேயே முடித்துக்கொள்ளலாமே. 2024 சீசனில் நாலு 12 ஆனது. இவர்களுக்கு அது காலம் கடந்த மழை.

இனி ஞாயிற்றுக்கிழமை.

லயன்ஸ் கதையைச் சொல்ல ஆர்.சி.பி. ரசிகர்களைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். கோப்பை வாங்காத அணி என்று 2025 வரை நம் பிள்ளைகள் அவர்களைக் கேலி செய்தார்கள் இல்லையா? அந்தக் காலத்திலும் அவர்கள் மூன்று முறை ஐ.பி.எல். இறுதிவரையாவது போனார்கள். லயன்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1957-இல். 1967-இல் தொடங்கிய சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியில் இன்றுவரை ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. 1992 ஜனவரிக்குப் பிறகு, 2023 சீசனுக்கு முன்புவரை பிளே ஆஃப்பில் ஒரு வெற்றிகூட இல்லை. 2008-இல் 16 ஆட்டம் ஆடி 16-ஐயும் தோற்றார்கள். லீக் வரலாற்றில் அதுவரை யாரும் 16-இல் 16 தோற்றதில்லை.

அந்த 2008-ஐ நான் மறக்க மாட்டேன். நான் இங்கே வந்து மூன்றே ஆண்டு. கார் கம்பெனிகள் அரசாங்கத்திடம் கையேந்தி நின்ற டிசம்பர் அது. நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் பிரிவில் பாதிப் பேருக்கு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பியது. நானும் ஒரு பெட்டி. விசாவுக்கு என்ன வழி என்று தெரியாமல் ஒரு கடைக்குள் சும்மா நுழைந்தபோது, தள்ளுபடிக் கூடையில் இந்த வெளிர்நீலச் சட்டை கிடந்தது. ஏழு டாலர். அதன் முதுகில் இருந்த பெயர்க்காரர் சில வாரங்களில் ஊரைவிட்டே போய்விட்டார். கல்லாவில் இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "நிச்சயமாக இது வேண்டுமா?" என்று கேட்டாள். வேண்டும் என்றேன். தோற்றவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

அந்த 16 தோல்வி அணியில் ஒரு வீரராக இருந்தவர்தான் இன்றைய பயிற்சியாளர் டான் கேம்பெல். 2021-இல் பொறுப்பேற்ற அன்று, எதிரியின் முழங்காலைக் கடித்துவிட்டு எழுவோம் என்று ஏதோ பேசினார், நாடே சிரித்தது. முதல் ஆண்டு மூன்று வெற்றி. அடுத்த ஆண்டு முதல் ஏழில் ஒன்று, பிறகு எப்படியோ ஒன்பது. 2023-இல் பன்னிரண்டு. டிசம்பர் 24-ஆம் தேதி மின்னசோட்டாவில் ஜெயித்து, 1993-க்குப் பிறகு முதல்முறையாகப் பிரிவு சாம்பியன். இந்தியக் கடையில் வெண்டைக்காய் எடைபோடும் பையன் லயன்ஸ் தொப்பி போட்டிருந்தான். பதினெட்டு ஆண்டில் நான் பார்க்காத காட்சி.

ஜனவரி 14 இரவு. பிளே ஆஃப், சொந்த மைதானம், எதிரே ராம்ஸ். அவர்களுடைய குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டு. பன்னிரண்டு ஆண்டு டெட்ராய்ட்டுக்காக உழைத்து, ஒரு பிளே ஆஃப் வெற்றிகூடக் காணாமல், 2021-இல் ராம்ஸுக்கு மாறி அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் வென்றவர். அவருக்கு மாற்றாக எங்களுக்குக் கிடைத்தவர் ராம்ஸ் வேண்டாம் என்று கழித்துவிட்ட ஜாரெட் காஃப். வேண்டாத மாப்பிள்ளை மாதிரி வந்தவர். அன்று அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். 24-23. ஒரு புள்ளி. எதிர்வீட்டுப் பெரியவருக்கு எழுபத்துநாலு வயது, கார் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். 1957 பட்டத்தின்போது ஏழு வயதுப் பிள்ளை. எங்கள் வீட்டில்தான் ஆட்டம் பார்த்தார். முடிந்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். பதினொன்றரை மணி, உறைகிற குளிர். தன் வீட்டு வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு எங்கள் வாசலுக்கும் வந்து வாரினார்.

அடுத்த ஞாயிறு டம்பா பே அணியை 31-23. அதற்கடுத்த ஞாயிறு, ஜனவரி 28, சான் ஃபிரான்சிஸ்கோ. ஜெயித்தால் சூப்பர் பவுல். இடைவேளையில் நாங்கள் 24, அவர்கள் 7. அம்மாகூட முறுக்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு எல்லாம் அவிழ்ந்தது. 24-10 என்று இருந்தபோது நாலாவது வாய்ப்பு, இரண்டு கஜம் வேண்டும். 46 கஜ ஃபீல்டு கோல் உதைக்கலாம். கேம்பெல் ஆடச் சொன்னார். காஃப் சரியாகத்தான் எறிந்தார், ஜோஷ் ரெனால்ட்ஸ் கையில் பட்டு நழுவியது. அடுத்து அவர்கள் எறிந்த நீண்ட பந்து எங்கள் தடுப்பாளரின் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்து, பிராண்டன் ஐயுக் கையில் போய் விழுந்தது. 51 கஜம். அடுத்து எங்கள் கையிலிருந்தே பந்து தவறியது. மூன்றாம் பகுதி முடிவதற்குள் 24-24. கடைசிப் பகுதியில் 24-27, நாலாவது வாய்ப்பு, மூன்று கஜம். 48 கஜம் உதைத்தால் சமன். மறுபடியும் ஆடச் சொன்னார். தேறவில்லை. முடிவு 34-31.

மறுநாள் முதல் ஊரே கேம்பெலைக் கிழித்துத் தொங்கவிட்டது. "உதைத்திருந்தால் ஆறு புள்ளி, மூன்றில்தானே தோற்றோம்" என்பது அலுவலகக் காபி மெஷின் அருகே நான் நூறு முறை கேட்ட கணக்கு. இந்தக் கணக்கு தப்பு என்பது என் கட்சி. 46-உம் 48-உம் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிற தூரம் இல்லை. சீசன் முழுக்க இதே துணிச்சலில்தான் ஜெயித்தோம், அப்போதெல்லாம் கைதட்டிவிட்டு, கையில் பட்டு நழுவிய ஒரு பந்துக்காக அவரை முட்டாள் என்பது நியாயமில்லை. டிசம்பர் 30-இல் டல்லஸில் ஒரு புள்ளி பின்தங்கி, 23 விநாடி மீதி இருந்தபோது, டச் டவுனுக்குப் பின் வரும் கூடுதல் வாய்ப்பில் சமனுக்கு உதைக்காமல் வெற்றிக்கான இரண்டு புள்ளிக்குப் போனார். பந்தைப் பிடித்தும்விட்டோம். யார் பந்து பிடிக்கத் தகுதியானவர் என்று நடுவரிடம் பதிவுசெய்ததில் குழப்பம் என்று சொல்லி அதைச் செல்லாததாக்கினார்கள். 20-19 தோல்வி. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேம்பெல் மீது எனக்கு ஒரு குறை உண்டு, அது வேறு. கடைசி நிமிடத்தில், பத்துப் புள்ளி பின்தங்கியிருக்கும்போது, கோட்டருகே மூன்றாவது வாய்ப்பில் பந்தைத் தூக்கி ஓடச் சொன்னார். ஓடியவர் மடங்கினார், கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம் அவுட் செலவானது. அது இருந்திருந்தால் இன்னொரு முறை பந்து கைக்கு வந்திருக்கலாம். கோபப்படுகிறவர்கள் அதற்குக் கோபப்படட்டும்.

சூப்பர் பவுலை அரை மனதோடு பார்த்தேன். பிப்ரவரி 11, லாஸ் வேகாஸ். கூடுதல் நேரத்தில் கான்சாஸ் சிட்டி 25-22. கூடுதல் நேர விதி மாறியிருப்பதே தெரியாது என்று தோற்ற அணியின் வீரர்கள் சிலர் பிறகு ஒப்புக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய வெட்கம் உண்டா? டிவியில் அடிக்கடி பாடகி டெய்லர் ஸ்விஃப்டைக் காட்டினார்கள். "யாருல அந்தப் புள்ள, வீட்டுக்காரன் ஆடுதானா?" என்றாள் அம்மா. இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள். நான் நினைத்துக்கொண்டது ஒன்றுதான்: இதே கான்சாஸ் சிட்டியை சீசனின் முதல் நாள், செப்டம்பர் 7 அன்று, அவர்கள் மைதானத்திலேயே 21-20 என்று ஜெயித்தது நாங்கள்.

எல்லாம் ஜெயித்த சட்டையைத் துவைத்துக் காயப்போடும்போது எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது, தோற்ற சட்டையில் அது இல்லை. நேற்று அம்மா இரண்டையும் மடிக்க எடுத்தாள். "இந்த வெளுத்தத நான் ஊருக்குக் கொண்டுபோவட்டுமால? காலையில நடக்கப் போகும்போது போட்டுக்குவேன்" என்றாள். தர முடியாது, செப்டம்பரில் வேண்டும் என்றேன்.

அதற்கு முன்னால் ஏப்ரல் இருந்தது. கல்லூரியை முடித்து வரும் வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2024-இல் டெட்ராய்ட்டில்தான், 25 முதல் 27 வரை. மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு என்பது விதி. 2021-இல் எங்களுக்கு ஏழாவது இடம், 2022-இல் இரண்டாவது. 2024-இல் இருபத்தொன்பதாவது.